இருபத்து மூன்று பாதங்கள்

போன வருஷக் குருத்தோலையைப்
பால்மாப் பேணிக்குள் போட்டு எரித்தேன்.
புகை கண்ணில் பட்டதே முதல் தபசு.
அரித்து எடுத்தால் ஒரு கரண்டிச் சாம்பல்.
அளம்பில் முழுக்க நெற்றிகள்,
கரண்டி ஒன்று.

தவக்காலத்தில் இறைச்சியைத் தவிருங்கள் என்றார்
புதுச் சுவாமி, நெடுந்தீவுக்காரர்.
பின்வாங்கில் யாரோ சிரித்தார்கள்.
நத்தாருக்கு அடித்த சேவலோடு
எங்களுக்குத் தவக்காலம் தொடங்கிவிட்டது.
மீனை விடச் சொன்னால் கடலையல்லவா விடவேண்டும்.
நான் விட்டது ஞானப்பிரகாசியோடிருந்த கோபத்தை.
நாலாம் வெள்ளி மட்டும் தாக்குப்பிடித்தது.

வெள்ளிதோறும் கடற்கரை வீதியால் சிலுவைப்பாதை,
படலைக்குப் படலை ஒரு தலம்.
ஒன்பதாவது, அவர் மூன்றாம் முறை விழுகிற இடம்,
சூசையம்மாவின் வேலி.
சிலுவைக்குப் பக்கத்தில் மகனின் படத்தைச் சாத்தியிருந்தாள்.
எடுக்கச் சொல்ல ஒருவருக்கும் வாய் வரவில்லை.
முழந்தாளிட்டோம்,
இரண்டுக்கும் சேர்த்து.

பெரிய வியாழனுக்குப் பன்னிரண்டு பேர் வேண்டும்.
மூப்பர் கொப்பியோடு வீடு வீடாய்ப் போனார்.
மூன்று பேர் கட்டாரில்.
காலைக் காட்ட வெட்கமென்று இன்னும் இரண்டு பேர்.
எட்டு ஆண், மூன்று பெண் என்று
அவர் எண்ணிக்கொண்டிருக்கையில்
கேளாமலே வந்து கடைசிக் கதிரையில் இருந்தார்
கலிஸ்ரஸ்,
சாரத்தை முழங்காலுக்கு மடித்துக்கொண்டு.

வாளி என் கையில், துவாய் என் தோளில்.
சங்கிலித்தாம் வேலை
என் மனிசன் விட்டுப்போன ஒரே ஆஸ்தி.

சுவாமி அவருடைய வலது காலைக் கழுவினார்,
துடைத்தார், முத்தமிட்டார்,
பிறகு அப்படியே நின்றுவிட்டார்.
மற்றது ரப்பரும் இரும்பும்.
வாளித் தண்ணீர் அசைவது எனக்குக் கேட்டது.

"இதையும் கழுவுங்கோ சுவாமி,
கூடத் தூசி இதிலைதான்."

சுவாமி தாராளமாய் ஊற்றினார்.
கணு மூட்டு இரும்பென்று எனக்குத் தெரியும்.
சொல்ல வாயெடுத்தேன்,
பாடகர் குழு உச்சத்தில் நின்றது.
குனிந்து முத்தமிட்ட உதட்டில்
ரப்பர் மணத்திருக்கும்.

அன்றிரவே மணிக் கயிற்றைச் சுற்றிக் கட்டினேன்.
இனிச் சனி இரவு மட்டும் மரத்தட்டைதான்.

பெரிய வெள்ளி, பின்னேரம் மூன்று மணி.
துணியில்லாத பீடம். திறந்து கிடக்கும் வெறும் பேழை.
சிலுவை முத்திக்கு வரிசை நகர்கிறது
செருப்பில்லாமல், இருமலில்லாமல்.
அதற்குள்
கிறீச்.
ஒரு காலின் மௌனம்.
கிறீச்.
சின்னப் பெடியளிடமிருந்து ஒரு சிரிப்பு,
உடனே ஒரு நுள்ளல், ஒரு அழுகை.
கலிஸ்ரஸ் திரும்பிப் பார்க்கவில்லை.
குனிய அவருக்கு நேரம் பிடித்தது.
மரத்தட்டை என் மடியிலேயே கிடந்தது.

சனி இரவு கொண்டல் காற்று
பாஸ்காத் திரியை மூன்று தரம் அணைத்தது.
நாலாம் தரம் யாரோ ஹெல்மெட்டைக் கழற்றி மறைத்தார்கள்.
"உன்னதங்களிலே" என்று எடுத்ததும்
உள்ளங்கை எரிய எரியக் கயிற்றை இழுத்தேன்,
பாட்டு முடிந்தும் விடவில்லை,
மூப்பர் வந்து தோளில் தட்டுமட்டும்.
நற்கருணைக்கு வரிசை வந்தபோது
மறுபடியும்
கிறீச்.

திங்கட்கிழமை
தையல் மெசின் எண்ணெயோடு அவர் வளவுக்குப் போனேன்.
வலை பொத்திக்கொண்டிருந்தார்.

"வைச்சிட்டுப் போங்கோ பிலோமினாக்கா."

"இப்பவே பூசினாலென்ன?"

"பிறகு பாப்பம்.
ஒழுங்கை முனையிலை இந்தச் சத்தம் கேட்டால்
சின்னவள் சோத்தைப் போட்டு வைக்கிறாள்.
முந்தி
நான் வாசலிலை வந்து நிண்டு செருமவேணும்."

போத்தலை வேலிக் கதியாலில் செருகிவிட்டு வந்தேன்.
பெந்தெகொஸ்து கழிந்தும் அங்கேயேதான் இருந்தது,
மூடி திறவாமல்.
அதன்மேல் ஓர் ஓணான் வெயில் காய்ந்தது.