ஐந்து தையல்

பையன்கள் கைப்பேசியில் காட்டும் ஐஸ் ஹாக்கி
வேறு ஏதோ ஆட்டம்.
புக்கிட் செராயாவில் ஐஸ் ஹாக்கி என்றால்
ஐஸ் கம்பெனி ஹாக்கி.
அதற்கு எதிரே ஒரே ஒரு பெயர்:
புகைக்கூடம்.

கால்சட்டையில் மரத்தூள் ஒட்டியிருந்தால் ஐஸ்.
மூக்குத்துளை கறுத்திருந்தால் புகை.
விளையாடினால் அரைப்பேர், ஜெயித்தால் முழுப்பேர்,
ஆகவே அவர்கள் தொழில்முறை ஆட்டக்காரர்கள்தான்,
யார் சிரித்தாலும்.

பதினோரு வருஷம், இருபத்து மூன்று ஆட்டம்.
அசல் கணக்கு என் காயப் பதிவேட்டில்:
பல் இரண்டு, மேல்வரிசை, நாகலிங்கம், புகை.
சுண்டுவிரல் நகம், குர்தியால், ஐஸ்;
நகத்தைக் காகிதத்தில் மடித்து வாங்கிப்போனான்.
நடுவர் ஜைலானி, தொடை,
அடித்தவர் யாரென்று தெரியவில்லை.
தெரியும்.

வீக்கத்துக்கு ஐஸ் வைக்க வேண்டும்,
ஐஸ் கிடைப்பது ஒரே இடத்தில்.
தவுக்கே ஆ கியோங் எதிராளியின் முழங்காலுக்கு
முழுப் பாளம் அனுப்புவார்,
பின்னாலேயே பில்லும் வரும்.
புகைக்கூடத்து மண்டோர் பில்லைக் கட்டுவார்
ஐந்து காசு நாணயங்களாக,
பிஸ்கட் டின்னில் போட்டு,
எண்ணியவனுக்கு மத்தியானச் சோறு ஆறிப்போகும்படி.
செங்கமலம் கல்யாணத்தில்
பெண்வீடு புகை என்பதால்
சர்பத் கடைசிவரை வெதுவெதுப்பு.
மாப்பிள்ளை குடித்துவிட்டு ஒன்றும் சொல்லவில்லை.

எண்பத்தொன்று, மே தினம், கேடய ஆட்டம்.
மழை விட்ட புல்.
இரண்டுக்கு இரண்டு, ஏழு நிமிஷம் பாக்கி.
அருமைநாதன் வந்தான், புகையின் நடு ஆட்டக்காரன்,
பந்து அவன் மட்டையைத் தேடிப்போகும் என்பார்கள்.
புருவம் பிளந்து ரத்தம் கழுத்துவரை.
"மிஸ்ஸி, சீக்கிரம்" என்றான்.
சட்டையிலிருந்து அந்த வாடை.

அந்த வாடையை எனக்குத் தெரியும்.
அப்பா வாசலுக்கு வருமுன்னே
அது வீட்டுக்குள் வந்துவிடும்.
இருபது வருஷம் அந்தக் கூடத்தில் விறகு தள்ளினார்.
கடைசி மாசத்தில் அவர் நெஞ்சுக்குள்
காய்ந்த கித்தா ஷீட்டை உரிக்கிற சத்தம்.
துரை ஒரு பழைய கோட்டு கொடுத்தனுப்பினார்,
அளவு பெரிது.
அந்தக் கூடத்தின் பெயரைத்தான்
பித்தளையில் வெட்டி
கிளப் சுவரில் மாட்டப்போகிறார்கள்.

மூன்று தையல் போதும்.
நான்காவது போட்டேன்.
வெளியே கூச்சல்.
நூலை வெட்டாமல் ஐந்தாவதும் போட்டேன்.
கூச்சல் எந்தப் பக்கத்துடையது என்று
கண்ணை மூடியபடியே கண்டுகொண்டான்.
என் மணிக்கட்டைப் பிடித்திருந்த கை
தளர்ந்தது.

மூன்றுக்கு இரண்டு. ஐஸ்.

புகைக்கூடம் இருந்த இடத்தில் இப்போது டயர் கடை.
ஐஸ் கம்பெனிக்குள் பறவைக்கூடு வியாபாரம்,
ஒலிபெருக்கியில் நாள் முழுக்கப் பொய்க்குருவிச் சத்தம்.
கோப்பிக் கடையில் மட்டும் இன்னும் இரண்டு மேசை,
நடுவில் ஒரு மின்விசிறி,
அது யார் பக்கம் திரும்புகிறது என்று சண்டை.
ஜைலானியைத் திட்டாமல்
ஒருநாளும் கடை மூடியதில்லை.
அவர் ஊரைவிட்டே போய்விட்டார்.
அந்தத் திட்டில் பாதி
எனக்கு வரவேண்டியது.

அருமைநாதன் மாதம் ஒருமுறை கிளினிக்குக்கு வருகிறான்.
கையில் பட்டை சுற்றும்போதே ஆரம்பிப்பான்:
"அஞ்சு தையல் மிஸ்ஸி, அஞ்சு!
அந்தக் காயத்தோடயும் திரும்ப எறங்கினேன்ல?"
வரிசையில் இருப்பவர்களிடம் புருவத்தைக் காட்டுவான்.
நூற்று அறுபது.
"உப்பைக் குறை" என்கிறேன்.
அந்தப் பேச்சைக் குறை என்றுதான் சொல்ல வேண்டும்.

பட்டையைக் கழற்றும்போது
வெளிச்சம் அவன் முகத்தில் விழுகிறது.
நான்காவது
கொஞ்சம் கோணல்.