இருபது

கையெழுத்துப் போட்டால் ஐந்து.
காலை ஏழே முக்காலுக்கு, கம்பெனி வேனின் பின்கதவில்.
சிவப்பு உடம்பு, பித்தளை அடி.
ஒவ்வொன்றின் அடியிலும் எண் பார்த்து
எடுத்துக்கொண்ட பிறகுதான்
ஜார்ஜ்டவுன் மார்க்கெட் ஸ்திரீட்டில், நகைக்கடை வாசலில்
நான் காவல்.

இன்று நாலு சிவப்பு. ஒன்று மஞ்சள்.

"இது இருபது," என்றேன், "துப்பாக்கி பன்னிரண்டு."
கவிந்திரன் கைபேசியை விட்டுக் கண்ணெடுக்காமல்
"பன்னிரண்டு கேட்டா இருபது வந்திருக்கு.
கூடத்தானேக்கா?"

லட்டுக் கணக்கு, தம்பி.
ஒரு பவுண்டு ஈயத்தைப் பன்னிரண்டாய்ப் பிடித்தால்
ஓர் உருண்டை நுழைகிற அகலம் என் குழாய்.
அதே ஈயத்தை இருபதாய்ப் பிடி,
உருண்டை இளைக்கும்.
எண் ஏற ஏற வாய் சிறுக்கும்.

"சின்னதுன்னா நல்லதாச்சே. உள்ளே போகும்ல?"

போகும்.
அதுதான் வினை.
பெரியது என்றால் வாசலிலேயே முட்டி நிற்கும்,
அதற்கு மானம் உண்டு.
இது வழுக்கித் தாண்டிப் போய்
குழாயின் நடுவழியில் உட்கார்ந்துகொள்ளும்.
விசையை இழுப்பேன். டிக். ஒன்றுமில்லை.
பயத்தில் யார் குழாய்க்குள் எட்டிப் பார்க்கிறார்கள்?
அடுத்த சிவப்பைத் தள்ளுவேன்,
அது பின்னால் வந்து அமரும்.
மறுபடி இழுப்பேன்.
திருடன் ஓடிவிடுவான்.
குழாய் கிழிகிற இடம், அளந்து வைத்ததுபோல,
என் இடது கை பிடிக்கிற இடம்.

அவன் என் இடது கையைப் பார்த்தான்,
முதல்முறையாக.

பிறகு ஏட்டை நீட்டினான்.
"அஞ்சுன்னே போடுங்கக்கா, ஆபீஸ்ல கணக்கு இடிக்கும்.
அத பையில சும்மா வச்சிருங்க."
சும்மா வைத்தது எதுவும்
அவசரத்தில் சும்மா இருக்காது.
ஐந்தை அடித்து நாலு என்று எழுதினேன்.
மஞ்சளை அவன் உள்ளங்கையில் வைத்து
விரல்களை நானே மடக்கினேன்.

அவனிடம் சொல்லாதது ஒன்று:
இந்த பூட்ஸும் கம்பெனி தந்ததுதான். ஒன்பதாம் நம்பர்.
என் கால் ஆறு.
நுனியில் பழைய நாளிதழ் திணித்துப் பதினோரு மாதம்.
உள்ளே போகிறதே என்று
அதற்கும் கையெழுத்துப் போட்டவள் நான்.

மதியம் கடைக்குள் கல்யாணக் கூட்டம்.
இரண்டே காலில் வளையல் கேட்ட பெண்ணுக்கு
இரண்டரையை மாட்டிவிட்டு
"சோப்பே வேணாம், பாருங்க, எவ்வளவு லேசா ஏறுது"
என்கிறார் விற்பவர்.
அவள் கையைத் தொங்கவிட்டாள்.

பளிங்குத் தரையில் பொன் உருண்டு
திறந்த கதவைத் தாண்டி, படியில் குதித்து,
லோரிகள் போகிற தெருவை நோக்கி.

காலை நீட்டினேன்.
ஒன்பதாம் நம்பர்.
எட்டியது.