முரசு

வினிபெக்கில் இன்றிரவு மைனஸ் முப்பத்தொன்று.
கார் எஞ்சினுக்குச் சூடேற்றும் வயரை
மாட்ட மறந்தது நான்தான்.
பிரிஸ்கா இன்னும் அதைச் சொல்லிக் காட்டவில்லை.
நடுச்சாமப் பூசை போயிற்று.
மூத்தவன் டெரோன்
புதுச் சப்பாத்தோடு சோபாவில் நித்திரை.

விழித்திருப்பது ஏழு மாதம்.
ஒரு கன்னம் மட்டும் சிவப்பு, யாரோ அறைந்ததுபோல.
சரிகைச் சட்டையின் நெஞ்செல்லாம் வீணீர்.
வீட்டிலுள்ள அத்தனையும்
எஸ்தெல்லாவின் வாய்க்குள் போய்த் திரும்பிவிட்டன:
என் சுண்டுவிரல், ரிமோட்டின் மூலை,
வாழ்த்து மடல் ஒன்றின் பாதி
(யார் அனுப்பியதென்று இனித் தெரியாது).

துவாய்த் துண்டை நனைத்துப் பிழிந்து
பின்கதவுப் படியில் வைத்தேன்.
மூன்றே நிமிடம்.
எடுத்தபோது கட்டாக் கருவாடாய் விறைத்திருந்தது.
கடித்தாள்.
வீடு மூச்சு விட்டது.
பிறகு துவாய் மறுபடி துவாயாயிற்று,
நான் மறுபடி கதவைத் திறந்தேன்.
பதினொரு தடவை. எண்ணினேன்.

வங்காலையில் இப்போது வெயில் ஏறியிருக்கும்.
மச்சாள் தொலைபேசியில்,
பின்னால் இறைச்சி தாளிக்கிற சத்தம்:
"முரசை விரலால அமத்திப் பார்,
தடிச்சிருக்கோ?"
ஈறுக்கு எங்கள் பக்கம் அதுதான் பேர்.
கிளினிக்கில் மதுரைக்காரத் தாதி கேட்டுச் சிரித்தாள்,
"முரசா? கொட்டுவாங்களே, அதுவா?"
அன்றைக்கு நானும் சேர்ந்து சிரித்தேன்.
இன்றைக்குத் தெரிகிறது:
அதேதான்.

டிவிக்குக் கீழே பாலன் கூடு.
வெளியே இவ்வளவு கிடக்க
உள்ளே பஞ்சில் ஒரு பனி.
இடுப்பிலிருந்து சரிந்து ஒரு எட்டு,
கழுதை அவள் கையில்.
சாயம் பூசாத பலகைக் கழுதை,
காது நேரே வாய்க்குள்.
"விடுங்கோ," என்றாள் பிரிஸ்கா,
"அதுக்கு நோகாது."

இந்தப் பாலனுக்கும்
ஏழாம் மாதம் என்று ஒன்று வந்திருக்கும்தானே.
எகிப்து வழியாயிருக்கும். மணல்.
பின்னால் ஏரோதின் ஆட்கள்.
பிள்ளை வீரிட்டால் எங்கே ஒளிவது?
எதைக் கடிக்கக் கொடுத்தாள் மரியாள்,
கழுதைக் கயிற்றையா, சூசையின் பெருவிரலையா?

பிரிஸ்கா பேசவில்லை.
பங்கருக்குள் தம்பியின் வாயைப் பொத்தியது
அவளுடைய கைதான்,
பதினொரு வயதுக் கை.
அதைப் பற்றி நாங்கள் கதைப்பதில்லை.
தம்பி இப்போது பிரம்டனில் பீட்சா கொண்டுபோகிறான்.
முழுப் பல்லும் தெரியச் சிரிக்கிற படம்
பின்னேரம் வந்தது.

கொஞ்ச நேரம் கழித்து அவளே சொன்னாள்:
"வெள்ளைப்போளம் முரசுக்குப் பூசுறதாம்
அந்தக் காலத்தில."
மருந்துக்கடையில் வேலை, தெரிந்திருக்கும்.
"பொன் கொண்டுவந்த ராசா கலியாணம் கட்டாதவன்.
போளம் கொண்டுவந்தவன் பிள்ளை வளர்த்தவன்."

இரண்டு மணி இருக்கும்.
ஆறிய தண்ணீரைத் தேக்கரண்டியில் எடுத்து
கீழுதட்டை விலக்கினேன்.
டிங்.
பிரிஸ்கா என்னைப் பார்த்தாள்.
இன்னொரு தரம் தட்டினேன்.
டிங்.
போன் வெளிச்சத்தில் குனிந்து தேடினோம்,
அரிசிக் குறுணி அளவு,
அதிலும் பாதி.

சத்தத்துக்கு டெரோன் எழும்பிவிட்டான்.
பாலனைக் கிடத்துவது அவன் வேலை,
ஒருவரும் செய்யவில்லையே என்று அழுகை.
ஆக, எங்கள் வீட்டில் இயேசு
இரண்டே காலுக்குப் பிறந்தார்,
காது நனைந்த கழுதைக்குப் பக்கத்தில்.

நாளைக்கு ஆட்கள் வருவார்கள்,
கேக் இருக்கிறது, றோல்ஸ் பொரிக்க வேண்டும்,
இனிப் பல்லுக்கொழுக்கட்டையும் அவிக்க வேண்டும்.
தேங்காய்ச் சொட்டு வெட்ட முழுத் தேங்காய்
இந்த நேரத்தில் எவன் கடையில்?

எஸ்தெல்லா கரண்டியை விடாமலே உறங்கிப் போனாள்.
விளக்கை அணைக்கப் போனேன்.
"போய் அந்த வயரை மாட்டிப்போட்டு வாங்கோ,"
என்றாள் பிரிஸ்கா,
"இப்பவாவது."