வேலிக்குச் சாட்சி

வழக்கு ஒன்றரை அடி நிலத்துக்கு.
வின்னிபெக்கில் இன்று மைனஸ் முப்பத்தொன்று.
அந்த ஒன்றரை அடியின் மேல்
இரண்டடிப் பனி.

வேலி ஸ்ப்ரூஸ் மரத்துக்கு இந்தப் பக்கம் என்கிறார்
ஒரெஸ்ட் ஹ்ரின்சுக்.
அந்தப் பக்கம் என்கிறார் ஸொல்வெய்க் தோர்லாக்சன்.
மரத்தை வெட்டியாயிற்று.
வேலி ஏதோ ஒரு வருடக் காற்றில் போயிற்று.
மிச்சம் இருப்பது ஒரு குறுந்தகடு:
தொண்ணூற்றெட்டு ஜூன்,
வீடு விற்கும் கம்பெனிக்காக
மணிக்கு ஒன்பது டாலர் கூலிக்கு
நான் எடுத்த முழுவட்டப் படம்.

வேலிக்கு ஓணான் சாட்சி.
இந்தக் குளிரில் ஓணான் ஏது,
நான்தான்.

வக்கீல் அலுவலகத்தில் திறந்து பார்த்தார்களாம்.
வட்டம் சுற்றவில்லை.
ஒல்லியாய் ஒரு பட்டை, நட்டுக்குத்தாய்;
வீடு பக்கவாட்டில் படுத்திருக்க
புல்வெளி சுவராய் எழுந்து நின்றதாம்.
மென்பொருள் நின்றுபோய் எத்தனையோ வருடம்.
உங்களிடம் ஏதாவது இருக்குமா, மிஸ்டர் லாவலே?

இருந்தது.
நிலவறையில், வாஷிங் மெஷினுக்குப் பின்னால்,
நீலப் பிளாஸ்டிக் முதுகோடு.
உள்பேட்டரி செத்திருந்ததால் அது
ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தாறு ஆகஸ்டில் கண்விழித்தது.
அப்போது எனக்கு ஒன்பது வயது, என்றார் ஒரெஸ்ட்,
யாரும் கேட்காமலே.

இருவரும் ஒரே சோபாவில்,
நடுவில் கோட்டுகளைக் குவித்து.

எலியைப் பிடித்து இழுத்தேன்.
ஜூன் மாதம் மெல்லத் திரும்பியது.
கொட்டகை. டாண்டலியன். பக்கத்து வீட்டுக் கொடிக்கம்பி.
எல்லாத் திசையும் உண்டு அதில்,
நின்ற ஆளைத் தவிர.
கீழே பார்த்தால் என் கால்கள் இருக்க வேண்டிய இடத்தில்
கம்பெனி முத்திரை.
ஏழாவது படத்தில் ஒரு நிழல்,
இடுப்போடு நறுக்கப்பட்டது. அது நான்.

பன்னிரண்டு படம், பன்னிரண்டு தையல்.
கடைசித் தையல் விழுந்த இடம்
வேலி.
இடப்பக்கம் கம்பம் மரத்துக்கு இப்பால்.
வலப்பக்கம் அதே கம்பம்,
அதே உரிந்த வெள்ளைச் சாயம்,
அப்பால்.

பாருங்கள் என்றார் ஒரெஸ்ட்.
பாருங்கள் என்றார் ஸொல்வெய்க்.

நான் சொல்லவில்லை.
ஒன்பதாவது படம் முடிந்ததும்
என் முழங்கால் முக்காலியில் இடித்தது.
வெள்ளிக்கிழமை, மணி நாலரை.
மறுபடி முதலிலிருந்து எடுக்கச் சோம்பல்.
மீதி மூன்றையும் எடுத்து
மென்பொருள் தைத்துக்கொள்ளும் என்று விட்டுவிட்டேன்.
தைத்துக்கொண்டது.

அப்புறம் கொடிக்கம்பியில் அவள்.
பதினொன்றில் போர்வையை உதறுகிறாள்,
பன்னிரண்டில் குனிகிறாள்.
இரண்டும் கலந்த இடத்தில்
மூன்று கை, ஒரு கிளிப், முகம் மட்டும் புகை.
ஹலினா, என்றார் ஒரெஸ்ட்.
என்னிடமோ அவரிடமோ இல்லை.

என் கை நகர்ந்து படத்தைக்
கொட்டகைப் பக்கம் கொண்டுபோய்விட்டது.
ஸொல்வெய்க் எழுந்து வந்தார்.
எலியை என்னிடமிருந்து வாங்கி,
பழக்கமில்லாத கையால் திக்கித் திக்கி
கொடிக்கம்பி வரை இழுத்து
அங்கேயே விட்டார்.
பிறகு கோட்டை மாட்டிக்கொண்டு
மார்ச் பதினேழு, நீதிமன்றத்தில், என்று
படியேறிப் போனார்.

நேற்று கடிதம் வந்தது.
எல்லாக் கணினியிலும் ஓடும்படி
ஒரு நிமிட வீடியோவாக மாற்றித் தர வேண்டுமாம்.
மாற்றலாம். கஷ்டமில்லை.
ஆனால் வீடியோவில் பார்ப்பவர் கை செல்லாது;
எங்கே திரும்புவது, எங்கே நிற்பது,
எதைத் தாண்டிப் போவது,
எல்லாம் நான் வைத்ததுதான்.

எந்தத் திசையில் தொடங்க வேண்டும் என்று
கடிதத்தில் இல்லை.