புள்ளி

சஸ்கட்டூன் நூலகத்தின் நிலவறை.
மாதத்தின் மூன்றாம் செவ்வாய், மாலை ஏழு.
வெளியே மைனஸ் முப்பத்தொன்று.
கார்கள் மூக்கிலிருந்து வயரை நீட்டி
சுவரில் மின்சாரம் குடித்துக்கொண்டிருக்கின்றன.
வந்தவர்கள் ஒன்பது பேர்.
குறிப்பெடுப்பது இந்த மாதம் என் முறை.

காபி கொதிக்கும் சத்தத்துக்கு மேலே
கெரால்ட் வீப் தொடங்கினார்,
ஆலங்கட்டிக் காப்பீட்டுக் கம்பெனியில் இருபது வருடம்.
தேவையில்லாத நெடுவரிசைகளைச் சுமக்காதீர்கள்;
வீடு மாறுகிறவன் குப்பையையும் மூட்டை கட்டுவானா?
முதலில் சலியுங்கள், பிறகு அடுக்குங்கள்.
அடுக்கிவிட்டுச் சலிப்பவனுக்குச் சலிப்புதான் மிஞ்சும்.
(சிலேடை என்னுடையது.
அவர் சொன்னதில் இவ்வளவு ஈரம் இல்லை.)
சின்ன அட்டவணையை நினைவகத்தில் வையுங்கள்,
வரிக்கு வரி வட்டுக்கு ஓடாதீர்கள்.
ஓரெஸ்ட் நாட்டியுக் தலையாட்டினார், எழுதிக்கொள்ளவில்லை.
அவர் எழுதிக்கொள்வதே இல்லை;
அடுத்த மாதம் அதையே கேட்பார்.

பிறகு, வழக்கம்போல், ஒரு நோயாளி.
வெர்னா தீசனின் ப்ரோக்ராம்.
மாகாணத்தின் அவசர சிகிச்சைப் பதிவுகள்,
பனிக்கடி, பன்னிரண்டு குளிர்காலம்.
இரவு எட்டுக்கு ஓடவிட்டால் காலை ஏழுக்கு முடியும்.
“வருடத்துக்கு ஒரு தரம்தான் ஓட்டுவேன்,
அதுவும் பிரார்த்தனையோடு” என்றாள்.

கெரால்ட் கத்தரித்தார்.
இரண்டு அடுக்கல்கள் போயின.
இருநூற்றுப் பத்து நெடுவரிசையில் ஆறு மிஞ்சின.
பதினோரு மணி நேரம் நான்கு நிமிடமானது.
யாரோ கைதட்டினார்கள்.
டெல்ஃபின் மொரான் பிஸ்கட் பாக்கெட்டைப் பிரித்தாள்.

நான்கு நிமிடம் என்றால் இன்னொரு தரம் ஓட்டலாம்.
இன்னொரு தரம். சும்மா, விளையாட்டாக.
டெல்ஃபின்தான் கேட்டாள், வாயில் பிஸ்கட்டோடு:
“ஐந்து வயசுக்குக் கீழே இத்தனை பேரா?
வயசு வயசாகப் பிரித்துக் காட்டுங்களேன்.”

காட்டினார்கள்.
பூஜ்யத்துக்கும் மேலே, முதல் வரியில்,
வயது இருக்கவேண்டிய இடத்தில்
ஒரு புள்ளி.
நேரே, நூற்று நாற்பத்தேழு.

யந்திரத்தின் வழக்கம் அது. எங்கள் எல்லாருக்கும் தெரியும்.
தெரியாத மதிப்பு எந்த எண்ணைவிடவும் சிறியது.
ஐந்தைவிட, பூஜ்யத்தைவிட,
வெளியே நிற்கும் மைனஸ் முப்பத்தொன்றைவிட.
ஐந்துக்குக் குறைந்தவர்கள் வரலாம் என்றால்
முதல் ஆளாய் வந்து நிற்கும்.

வயது சொல்லும் நிலையில் இல்லாதவர்கள்.
இருபதாம் தெரு பஸ் நிறுத்தத்திலிருந்து,
பாலத்துக்கு அடியிலிருந்து,
பூட்டிய ஏதோ ஒரு கடைவாசலிலிருந்து
தூக்கிக்கொண்டு வரப்பட்டவர்கள்.
பெயர்க் கட்டத்தில் ஒரு கோடு,
வயதுக் கட்டத்தில் அதுவும் இல்லை.
பன்னிரண்டு குளிர்காலமாக அவர்களைக்
குழந்தைகள் என்று எண்ணியிருக்கிறோம்.

அந்த எண்ணைக் காட்டித்தான்
மழலையர் காப்பகங்களுக்குக் கையுறை வாங்கினார்கள்.
சிவப்பில், கட்டைவிரல் மட்டும் பிரிந்த குட்டிக் கையுறைகள்.
வெர்னாவின் மகளுக்கும் ஒரு ஜோடி வந்தது.
“நல்ல கையுறை” என்றாள் திரையைப் பார்த்தபடி.
“ரொம்ப நல்ல கையுறை.”

நான் எழுதும் மொழியில்
எழுத்தின் தலையில் புள்ளி வைத்தால்
உயிர் போய்விடும், மெய் மட்டும் நிற்கும்.
இதை அவர்களிடம் சொல்லவில்லை.
மணி எட்டே முக்கால்.
காவலர் கதவருகே சாவியை ஆட்டிக்கொண்டிருந்தார்.

கெரால்ட் ஒரே ஒரு நிபந்தனை சேர்த்தார்.
நான்கு நிமிடம், நான்கு நிமிடம் மூன்று நொடியானது.
அந்த மூன்று நொடிக்காக மன்னிப்புக் கேட்பதுபோல்
தொண்டையைச் செருமினார்.

குறிப்பேட்டில் எழுதினேன்:
வருகை ஒன்பது.
சேமித்த நேரம், பத்து மணி ஐம்பத்தைந்து நிமிடம், சில நொடி.
கண்டுபிடித்தது

அதற்குள் ஓரெஸ்ட்,
இத்தனை வருடத்தில் முதல் தடவையாக,
பேனா கேட்டார்.
என்னுடையதைக் கொடுத்தேன்.
ஆகவே இந்தக் கூட்டத்தின் குறிப்பு
இந்த இடத்தோடு நிற்கிறது