இரண்டு கிராம்

கடைக்காரர் அட்ரியானோ இரண்டு டப்பாக்களை வைத்தார்.
நாற்பது யூரோவுக்கு உருண்டை முனை ஊசி,
எழுபதுக்கு நீள்வட்ட முனை.
"இது மன்னிக்கும், அது மன்னிக்காது."
அதற்கு மேல் விளக்கவில்லை.

போர்ட்டோவில் மழை.
டிராமுக்குச் சில்லறை போக
என்னிடம் எழுபத்தொன்று.

லூர்தெஸ் ஈஸ்ட் நிறுக்கும் குட்டித் தராசில்
ஊசியின் பாரத்தை நிறுத்துப் பார்த்தேன்:
இரண்டு கிராம், மயிரிழை அதிகம்.
கம்பி நான்கு, நிறம் நான்கு.
பச்சையை நீலத்தில் மாட்டி, கழற்றி, மாட்டி
சூப் ஆறிப்போனது.

பிறகு கேட்டது
பாடகி வரிக்கு முன் இழுக்கும் மூச்சு,
யாரோ நாற்காலியை நகர்த்துவது;
இருபது வருஷம் இதே அலமாரியில் இருந்தும்
எங்களோடு பேசாதவை.

மூன்றாம் பாட்டில் டக்.
டக்.
சுற்றுக்கு ஒன்று.
அவள் அக்காவுக்குக் கொடுத்த கடனுக்காக
நான் மேசையில் ஓங்கி அடித்த இரவு
விழுந்த கீறல்.
பழைய ஊசி அதன்மேல் வழுக்கிப் போகப் பழகியிருந்தது.

லூர்தெஸ் மாவுக் கையோடு வந்து
கதவில் சாய்ந்து நின்றாள்.
"இப்போது தெளிவாகக் கேட்கிறது" என்றாள்.
எது என்று நான் கேட்கவில்லை.
தட்டைத் திருப்பிப் போட்டேன்.