கடைசியாகப் புதுப்பிக்கப்பட்டது

விதி மூன்று: ஒவ்வொரு பக்கத்தின் காலடியிலும்
கடைசியாகப் புதுப்பித்த தேதி இருக்க வேண்டும்.
இருக்கிறது.
தினமும் விடிந்ததும் அது இன்றைய தேதி ஆகிவிடும்படி
எனக்கு முன்பிருந்த ஒப்பந்தப் பையன்
ஒரே ஒரு வரி எழுதிவைத்துப் போயிருக்கிறான்.
பதினோரு வருஷமாக யாரும் தொடாத பக்கம்கூட
தலைசீவிப் பவுடர் போட்டு நிற்கிறது.

தணிக்கைக் கடிதம் வெள்ளிக்கிழமை வந்தது.
பழைய எழுத்துருவில் அடித்திருந்தார்கள்.
ஒருங்குறிக்கு மாற்றுவதற்குள் டீ ஆறிப்போனது.
செத்த இணைப்பு இருக்கக் கூடாது.
மாற்றலாகிப் போனவர் படம் இருக்கக் கூடாது.
கண் தெரியாதவர் கேட்டறிய
படம் ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி விளக்கம்.
அர்த்தனாரி சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து
"திங்கக்கெழமைக்குள்ள முடிச்சிரும்மா" என்றார்.

சனிக்கிழமை.
சேலம் கலெக்டர் ஆபீஸ் இரண்டாம் மாடியில்
ஒரு மின்விசிறி எனக்காக மட்டும் சுற்றியது.
மூன்று கலெக்டர்களை நீக்கினேன்,
ஒருவர்கூட எதிர்த்துப் பேசவில்லை.
ஏற்காடு ஏரிக்கு 'படம் 14' என்று இருந்தது.
ஏரி. நான்கு பெடல் படகுகள்.
கரையில் ஒரு பெண் காதைப் பொத்தி நிற்கிறாள், குளிராக இருக்கலாம்
என்று எழுதிவிட்டுக் கடைசி இரண்டு சொல்லையும் அழித்தேன்.
அரசு ஊகிக்காது.

பிறகு தொலைபேசி எண்கள்.
ஒன்று ஜவ்வரிசி மில்லில் அடித்தது.
ஒன்று, உபயோகத்தில் இல்லை என்பதை
விதிப்படி இரண்டு மொழியிலும் சொன்னது.
மாம்பழ மண்டிக்காரர் ஒருவர்
"இது தாசில்தார் ஆபீசு இல்லீங்க, எத்தன தடவ சொல்றது" என்று
என்னையே தாசில்தாராக நினைத்துத் திட்டினார்.

பலாக்கொம்பை துணை சுகாதார நிலையம்.
கிராம சுகாதாரச் செவிலியர், பி. பிரான்சிஸ்கா.
இரண்டாவது மணியிலேயே எடுத்தார்.
"வலி எப்ப ஆரம்பிச்சுது?"

கம்ப்யூட்டர் ரூமிலிருந்து பேசுகிறேன் என்றேன்.
"சரி, வலி யாருக்கு?"

ரிட்டயர்டாகி ஆறு வருஷமாம்.
ஏற்காட்டில் மகள் வீட்டில் இருக்கிறார்.
எண், அவருடைய சொந்த செல்.
"நூத்தியெட்டு வண்டி தண்ணித் தொட்டி வரைக்குந்தான் வரும்.
அதுக்கு மேல டோலி.
எந்தப் பக்கம் தூக்கிட்டு வரணும்னு ஆரு சொல்றது?
ஜீப்புக்கார வெள்ளையன எழுப்பணும்,
மழைன்னா அவன் எந்திரிக்க மாட்டான், திட்டணும்.
புது நர்ஸ் வந்தா, தாராளமா அவ நம்பரப் போட்டுக்க.
இன்னும் ஆரும் வரல.
அங்க போர்டுல எம் பேர சுண்ணாம்படிச்சு மறச்சாச்சு.
கம்ப்யூட்டர்லதான் இருக்கேன் போல."
பின்னால் குக்கர் விசில்.
"எடுக்கப் போறியா?"

விதி ஏழு: பணியில் இல்லாதவர் விவரம் உடனே நீக்கப்பட வேண்டும்.
விதி ஒன்பது: மக்களுக்குத் தரும் எண்ணில்
பதில் சொல்ல ஆள் இருக்க வேண்டும்.
அன்று நான் கூப்பிட்டது அறுபத்திரண்டு.
எடுத்தது பத்தொன்பது.
அதில் என்னிடம் கேள்வி கேட்டது ஒரே ஒருவர்.

திங்கட்கிழமை குறிப்பு எழுதி வைத்தேன்.
அர்த்தனாரி சார் படித்தார்.
மறுபடி படித்தார்.
ஜன்னலுக்கு வெளியே மலை,
பாதிக்கு மேல் மேகம், அங்கே மழை பெய்திருக்கும்.
"பேர எடுத்துரும்மா" என்றார்.
"நம்பர், சார்?"
கடிதத்தைப் புரட்டினார்.
"நம்பரப் பத்தித் தனியா ஒண்ணும் சொல்லலியே."
பச்சை மையில் சுருக்கொப்பம்.

பெயர் இருந்த இடத்தில் காலிப் பணியிடம் என்று அடித்தேன்.
பக்கத்தில் பத்து இலக்கமும் அப்படியே.
அந்த ஒரு பக்கத்தில் மட்டும்
பையனின் வரியைப் பிடுங்கிவிட்டு
தேதியைக் கையால் போட்டேன்.

செவ்வாய் காலை முதல் வேலையாகத் திறந்து பார்த்தேன்.
மாவட்டம் முழுக்க இன்றைய தேதி.
பலாக்கொம்பையில் மட்டும்
நேற்று.